சும்மா கிடக்கிறது என்று நீ கொடுத்த விமானம்

சாமி,

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். “ஒரு வெளையாட்டுச் சாமானுக்குப் போயி இத்தனை கோவமாம்மா?” என்று கேட்டாய். ஆமாம், இத்தனை கோபம்தான். அப்போதே சொல்லியிருப்பேன். நாகலூர் பூத்தில் எனக்குப் பின்னால் எஸ்டேட் ஆட்கள் போனுக்குக் காத்து நின்றார்கள். அந்தக் கண்ணாடிக் கதவு வேறு சரியாகச் சாத்தாது. நாலு பேர் காதில் விழும்படி பேச எனக்கு இந்த வயதிலும் நாக்கு எழுவதில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்துக்கொண்டே “அப்புறம் பேசலாம்மா” என்று வைத்தாய். எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்க வேண்டாம். உன் அறையில் இருக்கும் கூட்டாளிகள் படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். நீயும் பெங்களூரிலிருந்து வந்திருந்தாய். உன் வருங்கால மாமனார் நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, “ஏனுங்க மாப்பிள்ளை, இது ஓடுமுங்களா?” என்று கேட்டார். நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “நல்லா ஓடுமுங்க மாமா. இங்க சும்மாதான் கெடக்குது.” அவர் தம் சிமெண்டுக் கடையில் பில் போட ஒன்று வாங்க வேண்டும் என்று பேச்சுக்குச் சொன்னார். கேட்கக்கூட இல்லை. நீயாக, “இதையே எடுத்துக்கிட்டுப் போங்க மாமா” என்றாய். “உங்கம்மாவுக்கு ஆகுமுங்களா என்னமோ,” என்று அவர்தான் என்னை நினைத்தார். நீ சிரித்தாய். “அம்மாவுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? மலையை உட்டுக் கீழ எறங்குனதே இல்லீங்க.”

நான் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது நீ ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். ஜீப்பைத் திருப்பி நிறுத்தும்படி உன் அப்பாவிடம் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். ‘எம்மா, குடுத்துரட்டுமா’ என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. திரையைப் பழைய போர்வையில் சுற்றி நீயே தூக்கிக்கொண்டு போனாய். ஜாய்ஸ்டிக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

அது உன் படிப்புக்காக வாங்கியது என்பாய். உண்மைதான். நீ படித்து முடித்து வேலைக்குப் போனபின் அதை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாயா? அந்த விமானம் ஓட்டும் சி.டி.யை உன் சிநேகிதன் கொடுத்தான் என்று கொண்டுவந்து போட்டாய். ஒரு லீவு முழுக்க மொட்டை மாடிக் கட்டடங்களுக்கு இடையில் சின்ன விமானத்தை நுழைத்து விளையாடினாய். சலித்ததும் எழுந்து போய்விட்டாய். நீ போனபின் மழைக்காலத்தில் ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, தூசி துடைக்கிற சாக்கில் அதன் முன் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள் என்பது உனக்கு ஒரு செய்தி. எனக்கு அது அப்படி அல்ல. என் அப்பனும் ஆத்தாளும் இதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். எங்கள் லைன் வீடுகளில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேலத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்தேன். விமானத்தின் இறக்கை ஏன் மேலே தூக்கப்படுகிறது என்று புரபசர் அம்மா கரும்பலகையில் படம் வரைந்து காட்டியபோது, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை தூக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். படிப்பு முடிந்ததும் எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர் வேலை கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. அதன்பின் என் பிசிக்ஸுக்கு அங்கே இருந்த ஒரே வேலை, காலையில் மழை மானியில் தண்ணீர் எத்தனை என்று பார்ப்பது. மற்றதெல்லாம் ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும்தான்.

நீ ஓட்டிய சின்ன விமானத்தில்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் நாளே தரையில் மெத்தென்று இறக்கிவிட்டேன் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் வேண்டுமென்றே ஒரு மலைமேல் மோதிப் பார்த்தேன். விமானம் பந்துபோல் எகிறி மறுபடி பறந்தது. அப்போதுதான் அமைப்புகளில் தேடினேன். மோதினாலும் ஒன்றும் ஆகாதபடி நீ மாற்றி வைத்திருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இதற்கு எதற்கடா அதன் முன் உட்கார வேண்டும்? அதை முதல் வேலையாக மாற்றினேன். அதன்பின் நான் மோதினால் திரை நின்றுவிடும், முதலிலிருந்து கிளம்ப வேண்டும். எத்தனையோ முறை கிளம்பினேன். நீ பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். கணக்கில் விடை சரியாக வந்துவிட்டால் போதும், எப்படி வந்தது என்று கேட்டால் எரிச்சல் வரும் உனக்கு. அப்போது நான் உன்னை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன்.

பிறகு அந்த டர்போபிராப் விமானம். உள்ளே ஜெட் மாதிரி டர்பைன் சுழல, அது முன்னால் இருக்கிற புரொப்பெல்லரைச் சுழற்றும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. சின்ன விமானத்தைச் சாவி போட்டதும் கிளப்பலாம். இதைக் கிளப்பவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஸ்டார்ட்டர் சுவிட்சைப் போட்டதும் டர்பைன் மெல்ல வேகம் எடுக்கும். அந்த வேகத்தைக் காட்டும் முள் போதுமான அளவு ஏறும் வரை எரிபொருளைத் திறக்கக் கூடாது. முன்னதாகத் திறந்தால் உள்ளே காற்று போதாமல் சூடு ஏறி, சிவப்பு விளக்கு எரிந்து, இன்ஜின் வீணாகிவிடும். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கப் பக்கங்களைப் படித்தேன். புரொப்பெல்லருக்கு ஒரு பிடி, எரிபொருளுக்கு ஒரு பிடி, பவருக்கு ஒரு பிடி, எல்லாம் இரண்டிரண்டு. நம் கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக்கை விட்டால் வேறு பிடியேது? விசைப்பலகையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று மனப்பாடம் செய்தேன். பவரைத் தள்ளினால் உடனே இழுக்காது, ஒரு மூச்சு விட்டுத்தான் இழுக்கும். ஆகையால் வேண்டிய நேரத்துக்கு முன்பே நினைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பேச்சு அப்படித்தான் வரும்.

உன் அப்பா சவாரி முடிந்து ஜீப்பைக் கழுவிவிட்டு வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார். “ஏனுங்க ரைட்டரம்மா, வண்டி இன்னைக்கு எந்த ஊருக்குங்க?” என்பார். மெட்ராஸிலிருந்து கோயம்புத்தூர் என்பேன். அந்தப் பாதை நம் மலைக்கு நேர் மேலே வருகிறது, தெரியுமா உனக்கு? சி.டி. செய்தவர்களுக்கு ஏற்காடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஏரி இல்லை, ரோடு இல்லை, ஒரு காப்பிச் செடி இல்லை; சாணி மெழுகியதுபோல் ஒரு பச்சை மேடு. அதற்கே உன் அப்பா எழுந்து நின்று பார்ப்பார். “நம்மூடு எங்க புள்ள?” என்று திரையில் விரல் வைத்துத் தேடுவார்.

அங்கேதான் நான் திரும்பத் திரும்ப விழுந்தேன். நம் மலைமேல் மேகம் இருக்கும்படி வைத்துப் பறப்பேன். திரை வெளுத்ததும் விமானம் கொஞ்ச நேரத்தில் நடுங்கி, மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கீழே போகும். காரணமே புரியவில்லை. இங்கே பனி இறங்கினால் என்ன செய்வோம்? உன் அப்பா ஜீப்பை முதல் கியருக்குக் கொண்டுவருவார். கீழிருந்து வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும் என்று வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்கள். பிறந்ததிலிருந்து பழகியது அது. திரை வெளுத்ததும் பின்னால் உன் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். என் கை எனக்குத் தெரியாமலே பவரைக் குறைத்துவிடும். வேகம் போனால் விமானம் நிற்குமா? ஒரு நாள் உன் அப்பா பொறுக்க முடியாமல் கேட்டார்: “ஏம்புள்ள, ஆகாசத்துல எதுக்கால எந்த பஸ்ஸு வருதுன்னு இப்புடி ஒதுங்கிப் போற?” நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் என் கையைப் பார்த்தேன். அதன்பின் மேகத்துக்குள் போகும்போதெல்லாம் அவரைப் பேசச் சொன்னேன். கருவிகளை மட்டும் பார்த்து, பவரைக் குறைக்காமல் வெளியே வரப் பழகினேன். உன் அப்பா அந்த வாரம் முழுக்கத் தம் அண்ணன்மாரைத் திட்டிக்கொண்டே என்னை மேகம் தாண்ட வைத்தார்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பறந்துகொண்டிருக்கும்போது ஒரு இன்ஜின் நின்றால் மற்றதைக் கொண்டு இறங்குவது. நின்ற பக்கத்தின் புரொப்பெல்லர் காற்றை மறித்துக்கொண்டு விமானத்தை அந்தப் பக்கமே இழுக்கும். அதன் தகடுகளைக் காற்று வழுக்கிப் போகும்படி திருப்பிவிட வேண்டும். நான் பதற்றத்தில் நல்ல இன்ஜினின் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தேன். என்ன தவறு செய்கிறேன் என்பது சனிக்கிழமை இரவு படுத்திருக்கும்போதுதான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் போனபின் செய்து பார்க்கலாம் என்று இருந்தேன். பலகாரம் சுடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா கிடக்கிறது என்றாயே, அது இதுதான்.

போனில் திரும்ப வாங்கிக் கொடு என்றேன். “குடுத்ததைத் திருப்பிக் கேட்டா என்ன நெனப்பாங்க?” என்றாய். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது உனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சரி. புதன்கிழமை ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி அவர் கடைக்கே போனேன். மலையை விட்டு இறங்காதவள் இறங்கினேன்.

கடை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மாமனார் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். “வாங்க சம்பந்தி. ஏனுங்க, தனியாவா வந்தீங்க? ஏதாச்சும் கொறையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, செஞ்சு போடலாம்,” என்றார். பாவம், மாப்பிள்ளை வீட்டு அம்மா சொல்லாமல் வந்து நின்றால் எதைக் கேட்க வந்திருப்பாள் என்று அவருக்குப் பயம். “கொறை ஒண்ணுமில்லீங்க. கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டுப் போக வந்தேனுங்க,” என்றேன். “மாப்பிள்ளை குடுத்ததாச்சுங்களே?” என்றார். “அவனுது இல்லீங்க, என்னுதுங்க.” “உங்களுக்கு என்னத்துக்குங்க அது?” எனக்குக் காது சுட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “ஏரோப்ளேன் ஓட்டறதுக்குங்க,” என்றேன். ஒருவன் களுக்கென்று சிரித்தான். “மேல ஊட்டுக்குப் போக பஸ்ஸு கெடைக்கலீங்களாட்ட இருக்குது,” என்றான் இன்னொருவன். நான் கீழே பார்க்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அதே வார்த்தையை, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அப்போதுதான் உள்ளே மேசையிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். கவிதா. உனக்குப் பார்த்திருக்கிற பெண். பி.காம். படித்தவள், அப்பா கடையில் கணக்குப் பார்க்கிறாள். அவளைப் பெண் பார்த்த அன்று தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்து வந்து, “அத்தை, அந்த ஏரோப்ளேன் உங்களுதுங்களா? எனக்குக் கெளம்பவே மாட்டேங்குதுங்க. ரெண்டு நாளாப் பாக்கறேன், செவப்பு வெளக்கு எரிஞ்சு நின்னு போகுது,” என்றாள். உள்ளே போய் அவளையே கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். பக்கத்தில் நின்று, “முள்ளு ஏறட்டும் கண்ணு, அதுக்குள்ள எண்ணெயத் தொறக்காதே. பொறு. இன்னும் பொறு. இப்ப,” என்றேன். இன்ஜின் பிடித்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கடை முழுக்கச் சத்தம். மூட்டையோடு ஒருவன் உள்ளேயே வந்துவிட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “உங்க பையன் போன் பண்ணினாரு அத்தை. இதைப் பத்திக் கேட்டேனுங்க. அது வெறும் வெளையாட்டு, உனக்கெதுக்கு, தொடாதேன்னாருங்க.”

இப்போது சொல், எனக்கு எத்தனை கோபம் இருக்கலாம்? ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா, “பாப்பா வேலைக்குப் போகோணும்னு நொம்ப ஆசப்படுதுங்க,” என்று சொன்னதற்கு, “அதெல்லாம் வேண்டாமுங்க அத்தை, ஊட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்,” என்றாய். அவள் அங்கே இல்லை. அவளுக்கும் சேர்த்து நீயே பதில் சொன்னாய், எனக்கும் சேர்த்துச் சொன்னதுபோலவே. உன் குரல் தணிவாகத்தான் இருந்தது, சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நீ யாரையும் அதட்டுகிறவன் அல்ல. அதனால்தான் உனக்கு இது தப்பாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்பதை நீயே முடிவு செய்து, அவர்கள் நல்லதுக்குத்தான் என்று நம்பியும் விடுகிறாய். உன் அப்பா எட்டாவதோடு நின்றவர். நான் ஆபீஸுக்குப் போவதைப் பற்றி அவர் வீட்டில் பேச்சு வந்தபோது, “அதை அவளையே கேளுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பெங்களூரில் இத்தனை படித்த உனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

உன் மாமனார் கடை வேனிலேயே எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினார். மனதில் கொஞ்சம் வருத்தம் இருக்கும். இருந்தும் திரைக்கு அடியில் வைக்கோல் வைத்துக் கட்டச் சொன்னார். ஏறப் போகும்போது கவிதா, “கல்யாணத்துக்கு அப்புறம் நானும் ஓட்டலாமுங்களா அத்தை?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டா இருப்பாய், வந்து உட்கார் என்றேன்.

நேற்று மாலை ஓட்டினேன். மெட்ராஸில் கிளம்பி, நம் மேடு வந்ததும் இடது இன்ஜினை நானே நிறுத்தினேன். சரியான பொத்தானை அழுத்தினேன். மேகத்துக்குள் என் கை பவரைக் குறைக்கவில்லை. கோயம்புத்தூர் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகு தாழ்வாக வந்துவிட்டேன். பவரைத் தள்ளியும் நேரம் போதவில்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி நின்றது. “ரைட்டரம்மா, ஆஸ்பத்திரிக்குச் சொல்லி உடட்டுங்களா?” என்றார் உன் அப்பா. எனக்கு இன்னும் இறக்கத் தெரியவில்லை. அதனால்தான் அது எனக்கு வேண்டும். தெரிந்தபிறகும் வேண்டும்.

இதெல்லாம் நடந்தது பற்றி உன் மாமனார் உன்னிடம் கேட்பார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. வயசாகிவிட்டது, மலையில் தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாள் என்று சிரிக்காதே. எனக்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ‘அது எங்கம்மாவுதுங்க, நான் கேக்காமக் குடுத்துட்டேனுங்க’ என்று சொல். அவரிடம் சொன்னபின் கவிதாவைக் கூப்பிடு. வேலைக்குப் போகப் பிரியமா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும் வரை நீ வாயைத் திறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. கோபம் இன்னும் தீரவில்லை.

அம்மா